கீழத்தெருவின் மனு

"இல்லேன்னா இல்லேன்னு இங்கேயே சொல்லிட்டுப் போங்க டீச்சரம்மா. பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

பொன்னுத்தாய் நடவு வயலிலிருந்து ஏறி வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள். அக்னஸ் கையிலிருந்த மனுவைப் பார்த்தாள். கீழத்தெருப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஓர் ஓட்டுக் கட்டடம் வேண்டும். மூவாயிரம் ரூபாய்.

பதினைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அக்னஸுக்கு. ஏழைகளுக்குக் கொடுக்கிற வேலை, மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தாள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஊரின் இரண்டு தெருக்களில் விசாரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வா என்று முதன்முதலாக அவளைத் தனியாக அனுப்பியிருந்தார்கள்.

"இப்போ பிள்ளைங்களை யார் பாத்துக்கிறாங்க?"

"யாருமில்லே," என்றாள் பக்கத்தில் நின்ற செவ்வந்தி முந்திக்கொண்டு.

"ராசம்மா அக்கா இருக்குல்ல?" என்றாள் பொன்னுத்தாய். "அதுக்கு இடுப்பு ஒடிஞ்சதிலேருந்து நடவுக்கு வர முடியலைங்க. மாட்டுக் கொட்டாயிலே வச்சுப் பாத்துக்குது. அறுப்பு முடிஞ்சதும் ஆளுக்கு நாலு படி நெல்லு கொடுத்துடுவோம்."

"ஏன்க்கா இதையெல்லாம் சொல்றே?" செவ்வந்தி பல்லைக் கடித்தாள்.

"இருக்கிறதைத்தானே சொல்லணும். கொட்டாய் ஒழுகும்மா. பதினோரு பிள்ளைங்க. மழைன்னா ஒரு மூலையிலே ஒண்டிக்கும். ஆனா இன்னிவரைக்கும் ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை."

அக்னஸ் எழுதிக்கொண்டாள். காலையில் பார்த்துவிட்டு வந்த வடக்குத்தெரு கண்ணைவிட்டுப் போகவில்லை. அங்கே ஒரு குழந்தையின் காலைச் சேலைக் கிழிசலால் மரத்தில் கட்டியிருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

நோட்டை மூடினாள். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்ட கைதான். இந்த ஒரு 'இல்லை'யைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இந்த வருஷம் ஒரு இடத்துக்குத்தாங்க பணம் இருக்கு. வடக்குத்தெருவுக்குக் கொடுக்கணும்னு எழுதப்போறேன். உங்களுக்கு இல்லை."

"அந்தத் தெருவுக்கா?" செவ்வந்தி கத்தினாள். "கூலி கேட்டு நாங்க கொடி புடிச்சு நின்னப்போ, பண்ணையார் பக்கம் போய் அறுப்பு அறுத்தவங்க அவங்க. என் வீட்டுக்காரர் மூணு மாசம் ஜெயில்லே கிடந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தாச்சு, குத்தகைச் சட்டம் வந்தாச்சுன்னு ரேடியோவிலே தினம் சொல்றான். எங்களுக்கு வந்தது இந்த மாட்டுக் கொட்டாய்தான். நீங்களும் இப்படிச் சொன்னா எப்படி?"

பொன்னுத்தாய் செவ்வந்தியைக் கையமர்த்தினாள்.

"அங்கே எத்தனை பிள்ளைங்க?"

"பத்தொன்பது."

"காலைக் கட்டிப் போடுற அளவுக்கு என்ன நடந்துச்சு?"

நோட்டில் எழுதியிருந்ததை இவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று திகைத்தாள் அக்னஸ். பக்கத்துத் தெருக்காரிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டேதான், நான் சரியாக விசாரித்தேனா என்று பார்க்கிறாள் போலிருந்தது.

"போன வருஷம் ஒரு குழந்தை தவழ்ந்து போய் வாய்க்கால்லே விழுந்துடுச்சு. காப்பாத்த முடியலை."

"அப்போ சரியாத்தான் பாத்திருக்கீங்க." பொன்னுத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். "கட்டடத்தை வாய்க்காலுக்கு அந்தாண்ட மேட்டுலே கட்டச் சொல்லுங்க. அடுத்த வருஷம் நாங்க மறுபடி மனு போடலாம்ல?"

"போடலாம். ஆனா கிடைக்கும்னு என்னாலே சொல்ல முடியாது."

"அதையும் சொல்லிட்டீங்க." லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி வயலில் இறங்கினாள். வரிசையில் தன் இடத்தைப் பிடித்துக் குனிந்து நாற்றை ஊன்றத் தொடங்கினாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்னஸுக்கு.

மறுநாள் தஞ்சாவூர் அலுவலகத்தில் அவள் அறிக்கையை மேனேஜர் தியாகராசன் இரண்டு முறை படித்தார்.

"கீழத்தெருவுக்கு இல்லேன்னு நாம எழுதறது இது மூணாவது வருஷம்."

அக்னஸ் அறிக்கைக்குக் கை நீட்டினாள். "தெரியாதுங்க சார். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலை. மாத்தி எழுதட்டுமா?"

"நீங்க எழுதின காரணம் சரிதானா?"

யோசித்தாள். "சரிதான்."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். தியாகராசன் எழுந்துபோய் பீரோவைத் திறந்து, பழுப்பேறிய முத்திரைத்தாள் ஒன்றை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"நம்ம அறக்கட்டளைக்கு வந்த முதல் பணத்தோட பத்திரம். கொடுத்தவங்க யாருன்னு அவங்க ஊர்லேயே யாருக்கும் தெரியாது. முதல் விசாரணையை முடிச்சுக் கையெழுத்துப் போடுற வரைக்கும் வேலைக்கு வர்றவங்களுக்கும் காட்டக் கூடாதுன்னு நிபந்தனை. இப்போ படிங்க."

'கூலிப் போராட்டத்தில் உயிர்விட்ட என் கணவர் மருதையனுக்காகக் கிடைத்த நஷ்ட ஈடு ஐயாயிரம் ரூபாய் முழுவதையும் ஏதுமில்லாத பிள்ளைகளுக்காகக் கொடுக்கிறேன். எங்கள் தெருவே வந்து கேட்டாலும் மற்றவர்களைப் போல விசாரித்து, அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.'

அக்னஸ் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். தாளின் அடியில் இடது பெருவிரல் ரேகை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'பொன்னுத்தாய், கீழத்தெரு.'