நரிக்குட்டிகளை விசாரித்தவர்கள்

தாய் நரி மறுபடியும் குட்டியைக் கவ்விக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டது.

மூலைக்கு மூலை. ஓரிடத்தில் வைக்கும், பொறுக்காது, உடனே அடுத்ததைத் தூக்கும்.

நரிக்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றார். அந்த மிருகக்காட்சிசாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. கரடியைப் பார்ப்பவர் கரடிக்காரர், நரியைப் பார்ப்பவர் நரிக்காரர், அவ்வளவுதான்.

குட்டிகள் நான்கு. அம்மாவும் அப்பாவும் செக்கச்செவேலென்று இருக்க, நான்கும் கன்னங்கரேலென்று பிறந்திருந்தன. பக்கத்துக் கூண்டில் தனியாக அடைபட்டிருந்த ஆண் நரியைப் பார்த்துக் கரடிக்காரர் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பரம்பரையில் எங்கோ ஒளிந்திருந்த நிறம் அது என்று மருத்துவர் விளக்கியதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதிசயக் குட்டிகள் என்றதும் அலுவலகம் சும்மா விடுமா? கூண்டுக்குள் கேமரா மாட்டி, ராவும் பகலும் உலகமே பார்க்கும்படி செய்துவிட்டார்கள். சத்தம் வராது, படம் மட்டும். எது அசைந்தாலும் கேமரா தானாகவே தலையைத் திருப்பிப் பார்க்கும்.

தாய் குட்டியோடு அலைவதைக் கண்டவர்கள், ‘எப்படிக் கொஞ்சுகிறாள் பாருங்கள்’ என்று எழுதித் தள்ளினார்கள்.

கொஞ்சலாவது ஒன்றாவது.

கேமரா திரும்பும்போதெல்லாம் சன்னமாக ஒரு ‘கிர்’. மனிதக் காதுக்கு அது ஒன்றுமே இல்லை. நரிக்கு அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் அதன் காது விறைத்துக்கொண்டது. நாளாக நாளாகப் பொறுமை போய், இடம் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டது. இப்படியே விட்டால் தூக்கித் தூக்கியே குட்டிகள் செத்துப்போகும். இல்லையென்றால் தாயே கடித்து முடித்துவிடும். நரிக்காரர் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார்.

கேமராவை நிறுத்த வேண்டும். இது அவருக்கு நேற்றே தெரியும். நேற்று மனம் வரவில்லை.

கரடிக்காரர் கவனித்ததெல்லாம் வேறு ஒன்று.

“என்னண்ணே, நரிக்குச் சாப்பாடு வைக்க இஸ்திரி போட்ட சட்டையா? தெனம் நரி மூஞ்சில முழிக்கிற ஆளு, அதிர்ஷ்டம் இப்பத்தான் வந்துச்சா?”

அதிர்ஷ்டம்தான். தங்கச்சி போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்: உன் மகள் அந்தக் கறுப்புக் குட்டிகளைத் தினமும் பார்க்கிறாளாம்.

மனைவி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது, அவர் இங்கே பிரசவிக்க முடியாமல் தவித்த ஒரு மானின் பக்கத்தில் இருந்தார். “உங்களுக்கு மிருகங்களே போதும்” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான் மகள். வருடங்கள் ஓடிவிட்டன. கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். கடைசியில் அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

குட்டிகளைத்தான் பார்க்கிறாள், இருக்கட்டுமே. நடுவில் தட்டோடு ஒரு ஆள் வந்து போவதையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவர் காலையில் சீக்கிரம் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். வீட்டில் பேச ஒரு ஆள் இல்லாதவருக்கு அதுவே பெரிய சந்திப்பாக இருந்தது.

தாய் நரி கடைசிக் குட்டியைக் கவ்வியது. குட்டியின் கழுத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. குட்டி கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

நரிக்காரர் கேமராவுக்கு நேராகப் போய் நின்றார். நிற்க வேண்டியதைவிட அதிகமாகவே நின்றார்.

பிறகு ஒயரைப் பிடுங்கினார்.

அதிகாரி தாம்தூம் என்று குதித்தார். மருத்துவர் வந்து எட்டிப் பார்த்தபோது, நரி நான்கையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. குட்டிகள் வளரும்வரை கேமராவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதிகாரிக்கு அதற்கு மேல் பேச வழியில்லை. ஆனால் கடுப்பு போகவில்லை.

“பிடுங்குனது நீங்கதானே? வர்ற போனுக்கும் நீங்களே பதில் சொல்லுங்க.”

விசாரணை மேஜையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். போன் விடாமல் அடித்தது. குட்டிகளுக்கு என்ன ஆச்சு? உயிரோடு இருக்கின்றனவா? மறுபடி எப்போது காட்டுவீர்கள்? நன்றாக இருக்கின்றன, பால் குடிக்கின்றன, தாய்க்குத் தொந்தரவு கூடாது என்று எல்லோருக்கும் ஒரே பதில். ஒரு வருடத்தில் பேசுகிற பேச்சை நரிக்காரர் அன்று மதியத்துக்குள் பேசிவிட்டார். இத்தனை பேரோடு பேசியும், அவருக்கு வெறுமையாகத்தான் இருந்தது. நாளையிலிருந்து அவரை யாரும் பார்க்கப் போவதில்லை.

சாயங்காலம் இன்னொரு அழைப்பு. வணக்கம் சொன்னார்.

“குட்டிங்க நல்லா இருக்குங்க” என்று வழக்கம்போல ஆரம்பித்தார்.

“குட்டிங்களைக் கேக்கலை.”

நரிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த குரல். அவளுக்கும் இவர் குரல் தெரியாமல் இருக்காது. ஆனாலும் முன்பின் தெரியாத யாரையோ கேட்பது போலத்தான் கேட்டாள்.

“சாப்பாடு வைக்க ஒருத்தர் வருவாரே... கொஞ்ச நாளா வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாரு. அவரை யாராச்சும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்களா?”

முட்டி வலி. கூடவே சுற்றும் கரடிக்காரர்கூடக் கவனித்ததில்லை.

அப்பா பேசுகிறேன் என்றால் எங்கே வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இல்லைங்க” என்றார். “கூட்டிட்டுப் போக அவருக்கு ஆளில்லைங்க.”

அவள் போனை வைக்கவில்லை.