தூக்கிய கால்

“அந்தக் கடைசி ஷாட் இருக்கே தம்பி, யப்பா!” தயாரிப்பாளர் இரண்டு கைகளையும் விரித்தார். “வாசப்படியைத் தாண்ட ஒரு காலைத் தூக்குறான். கால் கீழ இறங்கல, படம் முடிஞ்சுபோச்சு. போனானா, திரும்பிட்டானா? நேத்துலேர்ந்து அதே நெனப்பா இருக்கு எனக்கு.”

எதிரே உட்கார்ந்திருந்த புது டைரக்டருக்குப் பாதியில் சிரிப்பு நின்றுபோனது. அவன் எடுத்த படத்தில் அந்தக் கால் கீழே இறங்கும். இறங்கி, தெருவைக் கடந்து, பஸ் ஏறி, சின்ன வயதில் விட்டுவிட்டுப் போன அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓடும்.

என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. போன வாரம் படத்தை இவரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தால் அது ஒரு டிஸ்க்கில் அடங்குவேனா என்றது. எடிட்டர் நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

“குவாலிட்டியைக் கொஞ்சம் கொறைச்சா ஒண்ணுலயே திணிச்சிடலாம்டா. இல்ல, படத்தைக் கொற.”

“குவாலிட்டியைக் கொறைச்சா மூஞ்சியெல்லாம் மங்கிப்போகும். படத்துல ஒரு ஃபிரேம்கூட எடுக்க விடமாட்டேன். ரெண்டு டிஸ்க்ல போடு.”

“எந்த எடத்துல வெட்டட்டும்?”

“எங்க நெறையுதோ அங்க வெட்டு. அவருக்கு மாத்திப் போட்டுப் பாக்கத் தெரியாதா என்ன?”

முதல் டிஸ்க் நிறைந்த இடத்தில் கதாநாயகன் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். இதில் டைரக்டரின் பங்கும் இல்லை, எடிட்டரின் பங்கும் இல்லை. டைரக்டரே இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு, டேப் ஒட்டி, இதே மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாவது டிஸ்க் இன்னும் அந்த மேஜையில்தான் இருந்தது. உறையைக் காணோம். எடிட்டர் மார்க்கரால் கொட்டை எழுத்தில் போட்ட ‘2’ மட்டும் தயாரிப்பாளரின் காபி கப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. அடப்பாவி மனுஷா, கப்பு வைக்க வேறு எதுவுமே கிடைக்கவில்லையா என்று டைரக்டருக்கு வயிறு எரிந்தது.

“எங்க நிறுத்தணும்னு தெரியணும் தம்பி. அதுக்குப் பேருதான் டைரக்ஷன்,” என்றார் தயாரிப்பாளர். “அடுத்த மாசம் நானே ரிலீஸ் பண்றேன். இப்படியே. அந்தக் காலுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

இந்த ஒரு வார்த்தைக்காக அவன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள், எவரும் சொல்லி அனுப்பவில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும், படம் தியேட்டருக்குப் போய்விடும்.

ஆனால் இரண்டாவது டிஸ்க் முழுக்க மாமனார் இருந்தார்.

அப்பா வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, “நான் இருக்கேனே மாப்ளே,” என்று அவராகவே வந்து நின்றார். வேலைக்கு லீவு போட்டார். ஆசை ஆசையாக வளர்த்த மீசையை எடுத்தார். வசனத்தைக் குளியலறையில் எல்லாம் சொல்லிச் சொல்லி வீட்டில் இருந்தவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் போன் போட்டு, தான் நடித்திருப்பதைச் சொல்லி வைத்திருந்தார். முதல் டிஸ்க்கில் அவருடைய நிழல்கூடக் கிடையாது.

நேரம் காலம் தெரியாமல் போன் அடித்தது. மனைவிதான்.

“என்னங்க ஆச்சு? அப்பா பக்கத்துலயே நிக்கிறாரு. அவர் நடிப்பைப் பத்தி அந்த சார் ஏதாவது சொன்னாரான்னு கேக்குறாரு.”

“பேசிக்கிட்டுதாம்மா இருக்கோம். அப்புறம் கூப்பிடுறேன்.”

“அந்த ஆஸ்பத்திரி சீனை மறக்காம கேக்கச் சொல்றாருங்க.”

போனைப் பையில் போட்டான். வாயைத் திறந்தால் கைக்கு வந்தது போய்விடும். திறக்காவிட்டால், மீசையில்லாத அந்த முகத்தில் எப்படி விழிப்பது? போனால் போகட்டும் என்று ஒரு மூச்சு இழுத்துவிட்டான்.

“சார், உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல. அந்தக் கால் என் ஐடியாவே இல்ல. டிஸ்க் நெறைஞ்சுபோச்சு, அதனால அங்க நின்னுபோச்சு. படம் அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் இருக்கு சார். என் உசிரே அதுலதான் இருக்கு. இதோ உங்க கப்புக்கு அடியில இருக்கிற ரெண்டாவது டிஸ்க். அதையும் ஒருவாட்டி பாத்துட்டு, அப்புறம் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க.”

தயாரிப்பாளர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் கோபப்படவில்லை. கப்பில் மிச்சமிருந்த காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். எழுந்துபோய், வெளியில் யாருக்கும் கேட்காதபடி கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, வீட்டில் துக்கம் நடந்தவனைத் தொடுவதுபோல அவன் தோளில் கை வைத்தார்.

“பாத்துட்டுதான் தம்பி சொல்றேன்.”