முரசு இருந்த இடம்

"முதலில், வடித்த பழைய எண்ணெயையே மறுபடி எனக்கு ஊற்றினார்கள். இரண்டாவதாக, நான் இருமியபோது சோம்பேறி என்றார்கள். மூன்றாவதாக, ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கழற்றித் தரையில் கிடத்தினார்கள்."

பட்டறைக் கருவிகளிடம் இப்படி முறையிட்டது முரசு என்ற பழைய இன்ஜின். அதுவும் அதைச் சுமந்த காரும் ஒரே பெட்டியில் உதிரிகளாக வந்து, ஒரே நாளில் பூட்டப்பட்டவை.

"தோழா, வருகிற எதுவும் பொருந்தாது என்று சொல்லிவிடு. வேறு வழியில்லாமல் என்னையே ஏற்றுவார்கள்," என்றது காரிடம்.

முதல் புது இன்ஜின் வந்தபோது கார் பானெட்டை மூட மறுத்தது. இரண்டாவதைப் பார்த்து, "இந்தத் தொப்பையோடு போனால் வேகத்தடையில் உட்கார்ந்துவிடுவேன்," என்றது. கருவிகள் சிரித்தன. முரசுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது சிறியது. சத்தமில்லாமல் வந்து பொருந்தி உட்கார்ந்தது. கார் அதைத் தள்ளிவிடவில்லை.

"சொல்லு தோழா!"

"மூன்று வருஷமாக நிற்கிறேன், முரசு. டயர் தரையோடு ஒட்டிவிட்டது. எனக்கு ஓட வேண்டும்."



கருவிகள் சாட்சியாகக் கார், இன்ஜின் தகட்டிலிருந்து எந்தப் பெயரை உரக்க வாசிக்கிறதோ, அந்த இன்ஜினுக்கே இடம். அது பட்டறை வழக்கம். ஜாக்கியும் ஸ்பானரும் அருகில் வந்து நின்றன. கார் வாய் திறந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில், "முரசு" என்றது.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முரசு தன் இடத்தைக் கேட்டிருக்கலாம்.

"தப்பாக வாசிக்காதே," என்றது தரையில் கிடந்த முரசு. "தகட்டைப் பார்த்து வாசி."

கார் புது இன்ஜினின் தகட்டைப் பார்த்து வாசித்தது.

"தென்றல்."