கடைசிச் சீட்டு

"ஏனுங்க காளியப்பண்ணா, அந்த வெள்ளைச் சட்டைக்காரரு கூட்டிட்டுப் போறது அவரு சொந்தப் புள்ளையாட்டத் தெரியலீங்க."

பூங்கா வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காளியப்பன் தலையை நிமிர்த்தவே இல்லை. "உனக்கு எவனைப் பார்த்தாலும் சந்தேகம், குப்பாயி. போய்ச் செடிக்குத் தண்ணி உடு."

எங்கே தண்ணீர் விடுவது? காலையில்தான் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. விளையாட்டுக் காட்டிப் பிள்ளைகளைக் கடத்துகிற கும்பல் சேலத்துக்குள் நுழைந்துவிட்டதாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்றெல்லாம் குப்பாயி யோசிக்கவில்லை. பாழாய்ப்போன அந்தச் செய்தியைத் தானும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பூங்காவில் நாட்டுக்கொரு தோட்டம். ஜப்பானுக்குச் சிவப்புப் பாலம், எகிப்துக்கு ஆள் உயரப் பிரமிடு, மெக்சிகோவுக்குக் கள்ளிச்செடிகள். பின்வாசலை ஒட்டினாற்போல் இங்கிலாந்து ரோஜாத் தோட்டம்.

ஜப்பான் பாலத்துக் கைப்பிடியில் செருகியிருந்த சீட்டு ஒன்றை அந்தக் குழந்தை எடுத்தது. ஏழு வயது இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு எகிப்தை நோக்கி ஓடியது. அந்த ஆள் கை தட்டினான். ஐஸ் வாங்கிக் கொடுத்தான். ஆனால் கையைப் பிடிக்கவில்லை, இரண்டடி தள்ளியே நடந்தான். பெற்றவன் இப்படியா நடப்பான்?

குப்பாயி ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பிரமிடுக்குள் இன்னொரு சீட்டு. அதைப் படித்துவிட்டு இருவரும் மெக்சிகோ பக்கம் திரும்பினார்கள். குழந்தை கள்ளிச்செடிகளுக்கு நடுவே தேட, அவன் ஒதுங்கி நின்று போனில் பேசினான். குப்பாயி புதர் மறைவில் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இன்னும் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது. சந்தேகமே வரலை. அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். நீ பின் கேட்டுப் பக்கமே நில்லு. எனக்குத்தான் கை காலெல்லாம் நடுங்குது."

 குப்பாயியின் கையிலிருந்து குழாய் நழுவி, தண்ணீர் அது பாட்டுக்கு அவள் புடவையை நனைத்தது. அது கூடத் தெரியாமல் நின்றாள்.

குழந்தை கை கழுவக் குழாயடிக்கு வந்தது. குப்பாயி குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உன் பேரென்ன சாமி?"

"கனிஷ்கா."

"கூட வந்திருக்கறது யாரு?"

"தெரியலீங்க. அங்கிளுங்க. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"உங்கம்மா எங்க கண்ணு?"

"ஒளிஞ்சிருக்காங்களாம். எல்லாச் சீட்டையும் கண்டுபிடிச்சாத்தான் அம்மாவைக் காட்டுவாராம்."

அடப்பாவி. ஆத்தாளைக் காட்டுகிறேன் என்று சொல்லியே பிள்ளையைப் பின்வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறானே! குப்பாயி போனை எடுத்து, வேலைக்காரர்கள் குழுவில் ஒரே மூச்சில் பேசி அனுப்பினாள். "புள்ளை புடிக்கிறவன் மெக்சிகோவுல நிக்கிறான், எல்லாரும் ஓடியாங்க."

அனுப்பிவிட்டு, பயந்துகொண்டே அவன் குறுக்கே போய் நின்றாள்.

"நில்லுங்க. இந்தப் புள்ளைக்கு நீங்க யாரு?"

அவன் வாயைத் திறந்தான். குழந்தையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"பத்து நிமிசம் பொறுங்க. அப்பறம் எல்லாம் சொல்றனுங்க."

"பத்து நிமிசத்துல புள்ளைய வண்டி ஏத்திருவீங்களா?"

அதற்குள் காளியப்பன் தடியோடு வந்துவிட்டான். தோட்ட வேலைக்காரர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ஐஸ்காரர் என்று பத்திருபது பேர் வளைத்துக்கொண்டார்கள். "யார்ரா நீ, சொல்றா" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். அவன் குழந்தையின் பக்கம் திரும்பினான். கன்னத்தில் ஓங்கி ஒன்று விழுந்தது.

"புள்ளை முன்னால அடிக்காதீங்க, பயந்துக்கும்" என்றான் அவன், உதட்டைத் துடைத்தபடி. "ரோஜாத் தோட்டத்துல அவங்கம்மா இருக்காங்க. போய்க் கூட்டியாங்க."

"அது அம்மா இல்லீங்க, பின் கேட்டுல இவனோட கூட்டாளி நிக்கிறா. உட்ராதீங்க, புடிங்க" என்று கத்தினாள் குப்பாயி. நாலு பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

குழந்தை விம்மி விம்மி அழுதது. குப்பாயி அதை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாடா, ஒரு பிள்ளை தப்பித்தது என்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அழுவாத சாமி. இனி உன்னை எவனும் தொட முடியாது."

"அவரை உடுங்க. கடைசிச் சீட்டு அவரு சட்டைப் பையிலதான் இருக்குதுன்னு இதுல எழுதியிருக்குது" என்று கள்ளிச்செடியில் கிடைத்த சீட்டைக் காட்டியது குழந்தை. "அதைப் படிக்காட்டி அம்மா வரமாட்டாங்க."

காளியப்பன் அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். எட்டாக மடித்த தாள் ஒன்று வந்தது. காளியப்பன் அதைப் பிரிப்பதற்குள் குழந்தை எட்டிப் பிடுங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கத் தொடங்கியது.

"கனி... கண்ணு... உனக்கு ஒரு வயசுல... என்கூடச் சண்டை போட்டுட்டுப் போன... உன் அப்பாதான்... இன்னைக்கு உன்கூட வந்தவரு. நீயா படிச்சுத் தெரிஞ்சுக்கற வரைக்கும்... என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு... நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்."