சூடான காலுறை

ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்து, மாலை வெளிச்சம் அரிசி களைந்த தண்ணீர் போல அறைக்குள் வருகிறது. மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு அவள் தன் காலுறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். வாரம் முழுக்கச் சலவைக்கடையில் ஊரார் உடுப்பைத் தேய்க்கிற கை. இன்று விடுமுறை. காலுறையைப் போய் யாராவது தேய்ப்பார்களா? இவள் தேய்க்கிறாள். ஈரத்துணியில் பெட்டி பட்டதும் சுர்ரென்று ஆவி எழுகிறது. கண்ணை மூடி, முகத்தை நீட்டி, அதையும் வீணாக்காமல் வாங்கிக்கொள்கிறாள். செம்பில் சாய்த்து வைத்த போனில் அண்ணன் பேசிக்கொண்டே இருக்கிறான். புருஷனை விட்டுவிட்டு இந்த ஒற்றை அறைக்கு அவள் வந்ததிலிருந்து பாடுகிற அதே பாட்டு. “ஒரு ஹீட்டர்கூட இல்லாத ரூம்ல கிடந்து விறைச்சுப் போகணுமா? மாப்பிள்ளை காரை எடுத்துட்டு வரேங்கறார். பேசாம கிளம்பு.” அவள் கிளம்பவில்லை. சூடு ஆறுவதற்குள் காலுறையை மாட்டிக்கொள்கிறாள். விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை இதம் ஏறுகிறது. பாதம் தானாகத் தாளம் போடுகிறது. புருஷன் வீட்டில் பெட்டிச் சூடு கண்டதெல்லாம் அவன் சட்டைகள் மட்டும்தான். “எல்லாம் வீம்பு உனக்கு,” என்கிறான் அண்ணன். “வீம்பு குளிர் காயறதுக்கு ஆகுமா?” தலையணை உறையைத் தேய்த்தெடுத்துக் கன்னத்தோடு அழுத்திக்கொள்கிறாள். அவள் பேசும்போது வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைகிறது. “வீம்புதாண்ணா. நல்லா சூடா இருக்கு.”