அழாத பிள்ளை

நர்ஸ் மறுபடியும் ரிஷியின் தோளைக் கிள்ளினாள்.

"அடிபட்ட பிள்ளைய எதுக்கு மிஸ்ஸி கிள்றீங்க?" என்றார் யுகேந்திரன்.

அவள் ரிஷியின் முகத்தையே கவனித்தாள்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடும் வழியில், கிள்ளான் பாசார்ச் சந்தை முன்னால் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஹேண்டில் முனை ஏழு வயது மகனின் வயிற்றில் குத்திவிட்டது. வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. உள்ளே கசிகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் அறை தயாராகிக்கொண்டிருந்தது.

யுகேந்திரன் ஷா ஆலம் தொழிற்சாலையொன்றில் இருபது வருடமாகத் தொழிற்சங்கச் செயலாளர். அதிகாரத்தில் இருப்பவன் எதிரில் கண்ணீர் விட்டால் மிதித்துவிட்டுப் போவான் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. "அவங்க முன்னால அழக்கூடாது" என்று மகனுக்கும் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். சற்றுமுன் ஊசி ஏற்றியபோதுகூட ரிஷி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பயத்திலும் அப்பாவுக்கு ஒரு பெருமை.

மூன்றாம் முறை கிள்ளினாள். ரிஷி முகம்கூடச் சுளிக்கவில்லை.

"பிரஷர் தொண்ணூத்தெட்டு, நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க? தூங்கட்டும். இன்னொரு தடவை கை வச்சா மேலிடத்துக்கு எழுதுவேன். உங்க பேரென்ன?"

"நுஸைபா. எழுதுங்கண்ணே." அவள் ரிஷியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "கால் ஐஸ் மாதிரி இருக்கு. உள்ள ரத்தம் போனாலும் பிள்ளைங்க உடம்பு பிரஷரைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கும். விட்டா ஒரேயடியா விட்டுடும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். மெஷினுக்கு முன்னாலயே அழுகை சொல்லிடும்லா. கிள்ளினா அழணும். இவன் ஏன் அழல?"

யுகேந்திரன் மகனின் முகத்தருகே குனிந்தார். மயங்கிக் கிடக்கிறானா, தன் பேச்சைக் கேட்டுக் கிடக்கிறானா?

"ரிஷி, அழுடா. அப்பா சொல்றேன், அழு."

அசைவில்லை.

ஆபரேஷன் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். நுஸைபா கட்டிலின் பிரேக்கை விடுவித்தாள். எந்த முதலாளி முன்னாலும், எந்தப் போலீஸ் முன்னாலும் கலங்காத மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

ரிஷியின் உதடு அசைந்தது.

"அவங்க முன்னால... அழக்கூடாதுப்பா."

நுஸைபா மூச்சை விட்டாள்.

"பேசுறான். மூளைக்கு இன்னும் ரத்தம் போகுது. நீங்க அழுதுக்கிட்டே தள்ளுங்கண்ணே."