சந்தனமாரியின் தட்டு

தட்டை அவள் தானே எடுத்து வைத்தாள்.

யாரும் சொல்லவில்லை. போனைத் தனியாக வைத்தாள். பக்கத்தில் பவர் பேங்க். பழைய கைப்பையைப் படுக்கவைத்து, வாரை உள்ளே மடித்துவிட்டாள். தட்டு நகர்ந்து எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது.

பின்னால் நெய் டப்பாவோடு நின்றவர் அவளைப் பார்த்துத் தன் சாமானையும் அதேபோல அடுக்கினார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒன்பது வருடமாக இந்த வரிசையின் ஓரத்தைப் பெருக்கித் துடைப்பவள் அவள்தான். நாளைக்கு நான்கே விமானம் வந்துபோகிற சின்ன நிலையம். யார் தட்டு நிற்கும், யார் தட்டு போகும் என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள்.

அல்வா போகும். மிளகாய்ப்பொடியும் நெய்யும் போகாது.

கோயில் தேங்காயை முழுசாகக் கொண்டுவந்தால் நிற்கும்.

பவர் பேங்கை, முன்னாலேயே ஒப்படைக்கிற பெரிய பையில் போட்டவர் வேர்க்க வேர்க்கத் திரும்பி வருவார்.

இன்னொன்றும் சொல்வாள். கிளம்புமுன் பையைக் கவிழ்த்து ஒருதரம் உதறுங்கள். உள்ளே என்ன கிடக்கிறதென்று உங்களுக்கே தெரியாது.

துடைப்பத்தோடு நிற்பவள் சொன்னால் யார் கேட்கிறார்கள். தலையாட்டிவிட்டுப் போய் மாட்டிக்கொள்வார்கள்.

இன்று பட்டுப்புடவை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். நேற்றே கூட வேலை செய்கிறவர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

"ஏந்தட்டு நிக்காது. பாத்துக்கிடுங்க."

அதைப் பார்க்கத்தான் மூன்று பேர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து தூணோரம் நின்றார்கள்.

தட்டு நின்றது.

கொஞ்சம் பின்னால் போனது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

கைப்பையை மட்டும் தனியே ஒதுக்கினார்கள்.

மேசையில் இருந்த அதிகாரி தேவசகாயம் அவளைத் தினமும் பார்க்கிறவர். உள் ஜிப்பைத் திறந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு பிளேடு.

தரையில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்டுகிற அவளுடைய பிளேடு. வேலைக்கு வரும்போது அதற்கு அனுமதி உண்டு. இன்று அவள் வேலைக்கு வரவில்லை.

புதுப் பை வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். இதற்கென்ன குறை என்று இவள்தான் மறுத்துவிட்டாள். ஊரையே உதறச் சொன்னவள் தன் பையை உதறவில்லை.

வெட்கமாக இருந்தது. தூண் பக்கம் திரும்பவே இல்லை.

தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சாமான்தானக்கா. நான் எடுத்து வைக்கேன். திங்கக்கிழம வந்து வாங்கிக்கிடுங்க."

இந்த மேசைக்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். தெரிந்த பெரிய மனிதர் பேரைச் சொன்னவர்கள். போனை நீட்டி, ஒரு வார்த்தை பேசுங்க சார் என்றவர்கள். ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய்க்காகக் கண் கலங்கி நின்ற பெரியவர். அவர்களுக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். அவர்களில் ஒருத்தியாக நிற்க மனம் வரவில்லை.

"மத்தவங்களுக்கும் எடுத்து வைப்பீங்களா சார்?"



பிளேடை அவர் கையிலிருந்து வாங்கினாள். பறிமுதல் சாமான் போடுகிற பெட்டியில் தானே போட்டாள். நேற்று அவளே காலி செய்து, கழுவிக் கவிழ்த்த பெட்டி. பிளேடு அடிவரை போய் விழுந்த சத்தம் கேட்டது.

இப்போது தூண் பக்கம் பார்த்தாள். நேராகப் பார்த்தாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் ஏனோ கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள்.

நெய் டப்பாக்காரரின் முறை வந்தது. வாதாடத் தயாராக வந்தவர்தான். டப்பாவை ஒருமுறை பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். டப்பாவைத் தானே அந்தப் பறிமுதல் பெட்டியில் வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"நீங்க அடிக்கடி போய்ட்டு வருவீங்களோ?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒம்பது வருசமா தெனமும் வாரேன். ஏறுறதுதான் இன்னைக்கு."